நாளுக்குத்தான் காசு

கொஞ்ச காலமாக ஒரு நெருடல் விடாமல் கூடவே வருகிறது. இரவு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கும்போது, இன்றைக்கு அலுவலகத்தில் யாரைப் பார்த்தோம், யாரோடு பேசினோம் என்று யோசித்தால் முகங்கள் வருவதில்லை. போட்டோக்கள்தான் வருகின்றன. தூர் வாரிய கால்வாய், ஒரு பள்ளிச் சமையலறையின் அண்டா, முட்புதர் வெட்டிய ஏரிக்கரை, மேசை போட்டு நடந்த முகாம். எல்லாவற்றின் கீழ்மூலையிலும் தேதி, மணி, அட்சரேகை, தீர்க்கரேகை, சின்னதாக ஒரு வரைபடம். போனில், அலுவலக குரூப்பில் வந்து விழுந்தவை. அவற்றில் மனிதர்கள் இல்லாமல் இல்லை. ஓரமாக, வேலை நடந்ததற்குச் சாட்சியாக நிற்கிறார்கள். வயதாகிறது, மறதி வருகிறது என்று முதலில் எண்ணிக்கொண்டேன். ஆனால் காலையில் அரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா எங்கே ஏறினார், மடியில் இருந்த கூடையில் என்ன வைத்திருந்தார், மகளுக்கு எந்த மாசம் பிரசவம் என்று சொன்னார் என்பதெல்லாம் அப்படியே நினைவில் நிற்கிறது. அழிந்துபோவது அலுவலக நேரம் மட்டும்தான். சம்பளம் வாங்குகிற அந்த நேரம் எங்கே போகிறது என்ற கேள்வியைத்தான் நான் இங்கே சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்குக் காலையில் ஒரு வாசனை உண்டு. சம்பங்கியும் சாமந்தியும் மூட்டையாக வந்து இறங்கும். அங்காடிக்குப் போகிற பட்டுக்கூட்டு மூட்டைகளிலிருந்து ஒரு பச்சை வாடை வரும். பழகாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், பழகியவர்களுக்கு அது பணம் வரப்போகிற வாசனை. ஓசூர் கம்பெனி பஸ்கள் எங்களுக்கு முன்பே பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். கழுத்தில் அட்டை தொங்க, ஜன்னலில் தலை சாய்த்து, விட்ட தூக்கத்தைப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள். ஞாயிறு இரவு பெங்களூரு பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. இந்த மாவட்டத்தின் வேலை பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. உள்ளேயே வேலை கிடைத்த எங்களைப் போன்றவர்கள், அதுவும் அரசாங்க வேலை, பாக்கியசாலிகள். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மூக்கனூர், ஒடசல்பட்டி கூட்ரோடு, மொரப்பூர் என்று பஸ் போகும். ஊரைத் தாண்டியதும் ஒவ்வொருவராகப் போனை எடுப்பார்கள். முன்பு இந்த நேரத்தில் பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், சீட்டுக் கணக்குப் பேசுவார்கள். இப்போதும் பேசுகிறார்கள்; ஆனால் பாதிப் பேச்சு தினமும் போகிறவர்களின் குரூப்பில் நடக்கிறது. ‘பஸ் எங்க வருது’, ‘கூட்ரோடு தாண்டிட்டோம்’, ‘சீட்டு ஒண்ணு போட்டு வைங்க அக்கா’. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே குரூப்பில் பதில் போடுகிறவர்களும் உண்டு.

அந்த குரூப்பில் அவ்வப்போது தலைதூக்குகிற பேச்சு ரயில். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே 1906-இல் குறுகிய பாதையில் ரயில் ஓடியது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்றுபோனது. அதே தடத்துக்கு மீண்டும் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் யாராவது ஒரு பத்திரிகைத் துண்டைப் படமெடுத்துப் போடுவார்கள், கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழும், இரண்டு நாளில் பேச்சு அடங்கும். அந்த ரயிலில் போன யாரும் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் மொரப்பூரில் சென்னை ரயிலைப் பிடிக்க இறங்குகிறவர்கள் மூட்டையோடு பஸ் படிக்கட்டில் தடுமாறும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதை நினைவுக்கு வரும். காத்திருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. ‘பழகிப்போன’ என்று இவ்வளவு சுலபமாக எழுதிவிட முடிகிறதே என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. யாரும் காத்திருக்கப் பழகுவதில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் இருக்கும்போதே அலுவலக குரூப்புகள் விழித்துக்கொள்ளும். துறைக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று, அதிகாரி இல்லாமல் நாங்கள் மட்டும் பேசிக்கொள்ள ஒன்று. ‘அவசரம்’ என்று வருகிற செய்தியை முன்பு நிமிர்ந்து படித்தோம். பிறகு ‘மிக அவசரம்’ வந்தது. இப்போது அதோடு சிவப்பு விளக்குப் பொம்மையும் சேர்ந்து வருகிறது. படிவம் வரும், அதை நிரப்பு என்று வரும், நிரப்பாதவர்கள் பட்டியல் வரும், பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத் தனியாக போன் வரும். பதில் ஒரே மாதிரி: ‘நோட்டட் சார்’, ‘ஓகே சார்’, ‘கம்ப்ளீட்டட் சார்’. ஒருவர் போட்டதும் அடுத்தவர் போடுவார். போடாமல் இருந்தால் பார்க்கவில்லை என்று ஆகும். பார்க்கவில்லை என்றால் வேலையே செய்யவில்லை என்று ஆகும். பார்த்தேன் என்று சொல்வதற்கே நாளில் ஒரு பெரும்பகுதி போகிறது. எதைப் பார்த்தேன் என்று எவரும் கேட்பதில்லை. ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுக்கிறவர் கரையைப் பார்ப்பதைவிடத் திரையின் மூலையில் இடக்குறியீடு ஏறிவிட்டதா என்றுதான் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அது ஏறாவிட்டால் திரும்பவும் போகவேண்டும். அவருடைய பெட்ரோல், அவருடைய வெயில்.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போதே மனம் ஒப்பாமல் மறுக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை அரூரையும் ஊத்தங்கரையையும் புரட்டிப்போட்டது. அந்த இரவில் எந்த ஏரி கோடி போகிறது, எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, எந்தப் பள்ளியில் சனங்களைத் தங்கவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இதே குரூப்புகளில்தான் வந்தது. ‘அந்தப் பக்கம் வராதீங்க, பாலத்து மேல தண்ணி’ என்ற ஒரு வரி சில உயிர்களையாவது காத்திருக்கும். பிலிகுண்டுலுவில் காவிரியில் எத்தனை கன அடி வருகிறது என்ற செய்தி சில நிமிடத்தில் ஒகேனக்கல்லுக்கு எட்டுகிறது, பரிசல்கள் கரையேறுகின்றன. கடிதம் எழுதி, தபால் அனுப்பி, அது வந்து சேர்ந்த காலத்தில் இது நடக்காது. ஆகவே போனையோ குரூப்பையோ தூக்கி எறியவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மழை இரவில் வந்த செய்திகளுக்கும் சாதாரண செவ்வாய்க்கிழமை வருகிற செய்திகளுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்கிறேன். மழை இரவில் செய்தி கீழே இருக்கிறவர்களை நோக்கிப் போனது. ஊரில் இருக்கிற ஒரு மனிதர் நனையாமல், சாகாமல் இருக்கவேண்டும் என்று போனது. செவ்வாய்க்கிழமைச் செய்திகள் எல்லாம் மேலே போகின்றன. நாங்கள் வேலை செய்கிறோம் என்று மேலே இருப்பவருக்குத் தெரியவேண்டும். அவர் செய்கிறார் என்று அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியவேண்டும்.

கூட்டங்களும் அப்படித்தான். ஆய்வுக் கூட்டம் என்பது முன்பு மாதத்துக்கு ஒருமுறை கோப்புகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற காரியம். இப்போது லிங்க் போட்டால் கூட்டம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சில நாள் இரவு எட்டு மணிக்கு மேல் அடுப்பங்கரையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டும் ஒன்று. திரையில் அட்டவணை வரும். ஒன்றியம் ஒன்றியமாக, வட்டம் வட்டமாக, பச்சை, மஞ்சள், சிவப்பு. கடைசி இடத்தில் இருக்கிற வட்டத்தின் பெயர் கூப்பிடப்படும். மைக்கை ஆன் செய்து ‘சார்’ என்பார்கள். ‘ஏன் பெண்டிங்?’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் சில சமயம் நீளமானது: மூன்று தலைமுறையாகப் பிரிக்காத நிலம், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாத அண்ணன், பட்டாவில் செத்துப்போன தாத்தாவின் பெயர். அதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் வேண்டும். ஒன்றரை நிமிடம் கிடையாது. ‘நாளைக்குள் முடிச்சிடறோம் சார்’ என்பது நான்கு விநாடியில் முடியும். ‘பதினேழு ஏ கொடுத்துடுவேன்’ என்ற ஒழுங்கு நடவடிக்கை மிரட்டலும் அதே அளவுதான். இப்படி முடிக்கப்படுகிற மனு ஒன்று, எழுதிக்கொடுத்தவருக்கு எப்படி முடிந்தது என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை. ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, இரண்டும் அங்கே பச்சைதான்.

ஒரு நாள் அப்படி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதிகாரி உள் அறையில் திரைக்கு முன்னால். நாங்கள் கேட்கப்படும் எண்ணிக்கையைத் தேடி எடுத்துச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம். வராண்டாவில் ஓர் ஆயா. சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வந்தவர். பெஞ்சு காலியாக இருந்தும் சுவரோரம் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் லேமினேட் செய்த ஆதார், ஓரம் நைந்த பேங்க் புத்தகம், வெளியே யாரிடமோ எழுதி வாங்கிய மனு. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் சில மாதமாக நின்றுபோயிருந்தது. பேங்கில் கேட்டால் விரல் ரேகை விழவில்லை என்கிறார்கள். வேறெங்கோ கேட்டால் ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, புத்தகத்தில் ஒரு மாதிரி என்கிறார்கள். அவருடைய கட்டைவிரலை நான் பார்த்தேன். காலமெல்லாம் சாமையும் கேழ்வரகும் கசக்கி, விறகு ஒடித்து, புளியங்கொட்டை எடுத்து வழுவழுவென்று தேய்ந்த விரல். ரேகை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சாமைச் சோற்றை வேகவேகமாகச் சாப்பிட்டார். சாப்பிடுகிற நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த வேகத்தில் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து ஜன்னலோரம் நின்று கேட்டார்: “கூட்டம் எப்பக் கண்ணு முடியும்?”

“தெரியலையே ஆயா. மேலேருந்து பேசிக்கிட்டு இருக்காங்க” என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் நல்ல மனுசர், உதவி செய்கிற மனசு உள்ளவர். “நாளைக்கு வாங்களேன் ஆயா. உங்களுக்கு டவுன் பஸ்ஸுதான் காசில்லையே” என்றார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதைத்தான் சொன்னார்.

ஆயா கோபப்படவில்லை. ஒரு கணக்கைத் திருத்திச் சொல்வது போலச் சொன்னார்: “பஸ்ஸுக்குக் காசில்ல சாமி. நாளுக்குத்தான் காசு.”

கூட்டம் முடிவதற்கு முன்பே அவர் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அதை விட்டால் அடிவாரத்திலிருந்து நடக்கவேண்டும். அவர் வந்ததற்கோ, காத்திருந்ததற்கோ, போனதற்கோ எங்கேயும் ஒரு வரி கிடையாது. மனு கொடுத்திருந்தால் எண் விழுந்திருக்கும், அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கும். கொடுக்காமல் போனதால் அந்த நாள் எங்கள் கணக்கில் நடக்கவே இல்லை. அன்று குரூப்பில் நாங்கள் போட்டவை எல்லாம் இருக்கின்றன. தேடினால் இன்றும் கிடைக்கும்.

அன்றிலிருந்து வராண்டாவைக் கவனிக்கத் தொடங்கினேன். யார் இப்போது நேரில் வருகிறார்கள்? முன்பு எல்லோரும் வந்தார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல் எதற்கும் வரவேண்டும், வந்து ‘நாளைக்கு வா’ கேட்கவேண்டும், சில மேசைகளில் அதற்கு மேலும் செய்யவேண்டியிருந்தது. இன்றைக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் பல சான்றிதழ்கள் வீட்டுக்கே போன் வழியாக வந்துவிடுகின்றன. இது எத்தனையோ பேருக்கு எத்தனையோ நாள்களை மிச்சப்படுத்தியிருக்கிறது. முகம் பார்த்து வேலை நடந்த அந்தக் காலம் அப்படியொன்றும் இனிமையாக இருந்ததில்லை. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கணினியில் முடிந்தவர்கள் எல்லாம் வராமல் நின்ற பிறகும் வருகிறவர்கள் யார் என்றால், கணினி திருப்பி அனுப்பியவர்கள். ரேகை விழாதவர்கள். பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனவர்கள். ஓ.டி.பி. வருகிற போன் மகனோடு திருப்பூரில் இருக்கிறவர்கள். சிக்னல் இல்லாத மலைக்காரர்கள். வேறு எந்தக் காலத்தையும்விட இப்போது வராண்டாவில் நிற்கிறவருக்குத்தான் எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்கவேண்டியிருக்கிறது. சரியாக இந்தக் காலத்தில்தான் நாங்கள் எல்லோரும் திரையில் இருக்கிறோம். என் நெருடலின் வேர் இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

எதிரில் உட்கார்ந்து கேட்பது இங்கே புதிதும் இல்லை; இந்த மண்ணுக்கு வருவாய்த்துறையோடு நீண்ட தொடர்பு உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, அன்று பாரமகால் என்று பெயர்பெற்ற இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் வந்தார்கள். 1799 வரை மன்றோ இந்தப் பகுதியில் இருந்தார். ஜமீன்தார் இடையில் இல்லாமல் உழுகிறவரிடமே நேராகத் தீர்வை பேசுகிற ரயத்துவாரி முறை இங்கேதான் வடிவெடுத்தது. வருவாய் வேலையில் கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்த நாட்களைப் பற்றி அவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தனக்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லை, இதை எழுதும்போதே சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், காலை ஏழு மணியிலிருந்து சனங்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார். நான் மன்றோவைப் போற்றிப் பாடவரவில்லை. கம்பெனிக்கு வரி வசூலிக்க வந்தவர். அந்த வரி விளைச்சலில் எவ்வளவு பிடுங்கியது என்பது இந்தச் சீமை அறிந்தது. ஆனால் அவருடைய சலிப்பும் எங்கள் சலிப்பும் ஒன்றல்ல. ஓயாமல் அழைக்கிறார்கள், எழுத விடமாட்டேன் என்கிறார்கள் என்று நாங்களும் சொல்கிறோம். அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் உழுகிறவர்கள். எங்களைச் சூழ்ந்து நிற்பவை எங்களுடைய செய்திகளே. இன்றும் ஆண்டுதோறும் பசலிக் கணக்கு முடிக்க ஜமாபந்தி நடக்கிறது. பந்தலுக்குள் சனங்கள் மனுவோடு நிற்கிறார்கள். அந்தச் சில நாள்கள் மட்டும் எனக்கு முகங்கள் நினைவில் நிற்கின்றன. 2024 ஜூலையில் ‘மக்களுடன் முதல்வர்’ முகாம்கள் ஊரகப் பகுதிகளுக்கு விரிந்தபோது அது தொடங்கியது நம் மாவட்டத்துப் பாளையம்புதூரில். பல துறைகள் ஒரே கூரையின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்தால் ஒருவருக்கு நான்கு நாள் அலைச்சல் ஒரு நாளாகக் குறையும். அலுவலகம் ஊருக்குப் போகிற எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நாளின் கணக்கு என்று வந்தால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களின் வருகையை செயலியில் பதிவது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. இரண்டும் ஏறினால்தான் அன்றைய கூலி; 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். வெயிலில் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிற அந்தப் பெண்களின் முகங்களை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். யாரும் சிரிப்பதில்லை. ஒரு முந்நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு ஒரு மனுசியின் நாளை இரண்டு முறை படமெடுத்துச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு, அதே மனுசி நம் வராண்டாவில் இழந்த நாளைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. அவர் நமக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்குக் கணக்கு இருக்கிறது. நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட நாளுக்குக் கணக்கு இல்லை.

அந்த ஆயா வந்த சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரை எழுதாமல் இந்தப் பக்கத்து அலுவலகங்களைப் பற்றி எதையும் எழுத எனக்கு மனம் வராது. 1992 ஜூன் 20 அன்று அங்கே சந்தனக்கட்டை தேடிப் போனவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். பணியில் போனவர்கள், விடுப்பில் போனவர்கள் இல்லை. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, ஊரே சிறைக்கும் காட்டுக்குமாகச் சிதறியது. தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடுகளை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். அதற்கு முன் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 31 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அந்தப் பெண்கள் விசாரணைக்கும் சாட்சிக்கும் மனுவுக்குமாக எத்தனை பஸ் ஏறியிருப்பார்கள், எத்தனை வராண்டாக்களில் உட்கார்ந்திருப்பார்கள், எத்தனை நாள் கூலியை விட்டிருப்பார்கள்? தீர்ப்பில் இழப்பீடு இருக்கிறது. அவர்கள் காத்திருந்த நாட்களின் எண்ணிக்கை எந்த ஆவணத்திலும் இருக்க முடியாது. நான் இதை என் வராண்டாவில் காத்திருந்த ஆயாவோடு ஒப்பிடவில்லை; அது தகாது. அந்த ஊரின் பெண்கள் அரசு அலுவலகத்தின் படியில் ஏறும்போது எதையெல்லாம் தாண்டி ஏறுகிறார்கள் என்பது உள்ளே உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பெஞ்சு காலியாக இருந்தும் ஒருவர் தரையில் உட்காருவதற்குக் காரணம் அவருடைய கூச்சம் மட்டும் இல்லை.

எங்கள் நாளின் விலை எங்களுக்கு நன்றாகத் தெரியும். தற்செயல் விடுப்பு ஆண்டுக்குப் பன்னிரண்டு. தாமதமானால் பர்மிஷன். வெளியூர்க் கூட்டத்துக்குப் பயணப்படி. ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணமாக வாங்குவதை 2020-இல் அரசு நிறுத்திவைத்தபோது எங்கள் குரூப்புகள் மாதக்கணக்கில் கொதித்தன. 2025 அக்டோபரிலிருந்து மறுபடியும் தரப்படும் என்று அறிவிப்பு வந்தபோது அன்றிரவு போன் அடங்கவே இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்காக நடத்துகிற வாதம் திரும்புகிற பஸ்ஸில் தினமும் ஓடும். நானும் அதில் பேசுகிறேன், பேசுவேன். உழைத்த நாளுக்கு விலை கேட்பது நியாயம். அந்த வாதங்களில் எங்கள் ஆட்கள் காட்டுகிற நுணுக்கம் ஆச்சரியமானது. எந்த அரசாணை, எந்தத் தேதி, அரை நாள் எங்கே வெட்டினார்கள், எல்லாம் மனப்பாடம். ஒரு நாள் என்பது எவ்வளவு பெரியது என்று எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்: இவ்வளவு அறிந்த நாம் ஏன் அடுத்தவருடைய நாளை மட்டும் ‘நாளைக்கு வாங்க’ என்ற இரண்டு சொல்லில் எடுத்துக்கொள்கிறோம்? கெட்ட எண்ணத்தால் இல்லை. அவருடைய நாள் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை. கூட்டத்துக்கு நேரம் குறிக்கிறவர் அதிகாரிகளில் யார் யாருக்கு ஒத்துவரும் என்று பார்க்கிறார். மலைக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்ப்பதில்லை. தேர்தல் வந்தால் சாலையில்லாத கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் வாக்குப்பதிவு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போகத் தெரிகிறது. ஓர் ஓட்டு விட்டுப்போகக்கூடாது என்ற அந்த அக்கறை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் வரவேண்டிய அக்கறை இல்லை.

இப்போது பஸ்ஸில் போகும்போது முடிந்தவரை போனைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. பைக்குள்ளிருந்து அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. தனி ஆள் ஒருத்தி போனை மூடிவைப்பதால் தீர்கிற காரியம் இல்லை இது. கூட்டம் கூட்டுகிறவர்கள் மனம் வைத்தால் தீரும். ஆகவே அவர்களுக்கும், என்னோடு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். திங்கள்கிழமை மனு நாளிலும், சனங்கள் வந்துசேர்கிற காலை நேரத்திலும் காணொளிக் கூட்டம் வைக்காதீர்கள். கூட்டம் இருக்கிற நாளை முந்தின நாளே வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். மலையூர்களுக்கு ஊராட்சி வழியாகச் சொல்லி அனுப்புங்கள். போட்டோ போட நூறு குரூப் இருக்கிற இடத்தில், ‘நாளைக்கு ஐயா இருக்கமாட்டார், வராதீங்க’ என்று சொல்ல ஒன்று இருக்கட்டும். வருகிறவர் பெயரையும், வந்த நேரத்தையும், எதற்காக வந்தார் என்பதையும், வேலை முடியாமல் போனால் ஏன் முடியவில்லை என்பதையும் எழுத வராண்டாவில் ஒரு பதிவேடு வையுங்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் திரையில் வருகிற அட்டவணையில் அந்தப் பதிவேட்டுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அந்தக் கட்டம் சிவப்பாக இருந்தால் ‘ஏன்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒன்றரை நிமிடம் கொடுங்கள்.